5000 வாட் ஆம்பை விடுங்கள், முன்கதவைப் பாருங்கள்

நீங்கள் கேட்டிருப்பது இதுதான். சில வருடம் ஓடிய ஸ்விஃப்ட் கார். கம்பெனி கொடுத்த ஸ்பீக்கர்கள், வெளியில் வாங்கிப் போட்ட ஒரு டச் ஸ்கிரீன் செட். அதன் அட்டைப்பெட்டியில் 50 × 4 வாட் என்று போட்டிருக்கிறது. வால்யூமைக் கூட்டினால் குரல் காதைக் கிழிக்கிறது, பேஸ் மட்டும் வரவே இல்லை. கடைக்காரர் 5000 வாட் ஆம்ப் (ஆம்பிளிஃபயர்), டிக்கிக்கு ஒரு பேஸ் டியூப், பின்னால் ஒரு ஜோடி 6×9 ஓவல் ஸ்பீக்கர் என்று கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். கையில் இருப்பது 40,000 ரூபாய். பாட்டு தெளிவாகக் கேட்க வேண்டும், பேஸ் அளவாக வேண்டும், டிக்கி முழுதாகப் போய்விடக் கூடாது.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முன்கதவுகளுக்கு ஒரு ஜோடி நல்ல காம்பொனென்ட் ஸ்பீக்கர். அந்தக் கதவுகளுக்கு ஒழுங்கான டேம்பிங், அதாவது தகட்டின் அதிர்வை அடக்கும் வேலை. ஆர்எம்எஸ் கணக்கில், அதாவது தொடர்ச்சியாக, சேனலுக்கு 60 முதல் 75 வாட் தரும் ஒரு நான்கு சேனல் ஆம்ப். அதன் இரண்டு சேனல் முன் ஸ்பீக்கர்களுக்கு, மீதி இரண்டையும் சேர்த்து பேஸுக்கென்றே இருக்கும் ஒரு 10 இன்ச் சப்புக்கு (சப்வூஃபர்). பின் ஸ்பீக்கர்களுக்கு ஒரு பைசாவும் வேண்டாம். கடைக்காரரின் கொட்டேஷனுக்கு இது ஏறக்குறைய நேர் எதிர் என்பதால், காரணத்தை விளக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வாட் கணக்கிலிருந்து தொடங்கலாம். உங்கள் செட்டின் 50 × 4 எங்கிருந்து வந்தது தெரியுமா? இன்ஜின் ஓடும்போது காரில் கிடைப்பது அதிகபட்சம் 14.4 வோல்ட். செட்டுக்குள் இருக்கும் ஆம்ப் சிப்புக்கு அந்த வோல்ட்டை உயர்த்தும் பவர் சப்ளை கிடையாது. 14.4-ஐ 14.4-ஆல் பெருக்கி, ஸ்பீக்கரின் 4 ஓமால் வகுத்தால் 51.8 வரும். அதுதான் அந்த 50 வாட். அதாவது அலையின் தலையும் காலும் முழுக்க வெட்டுப்பட்டு, சிப் சதுர அலையைத் துப்பும்போது வரும் கணக்கு. அந்த நிலையில் பாட்டு கேட்க முடியாது. சிப்பில் கொஞ்சம் வோல்ட் நஷ்டமானது போக, சுத்தமான அலைக்கு ஏறத்தாழ 13 வோல்ட் உச்சம் கிடைக்கும். அதற்கு ஆர்எம்எஸ் கணக்குப் போட்டால் 20 வாட் சொச்சம். நடைமுறையில் 17 முதல் 22 வரை. இப்படிப்பட்ட செட் எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் இந்த எல்லையைத் தாண்ட முடியாது. பெரிய பிராண்டுகள் தங்கள் கையேட்டில் இந்த உண்மையான எண்ணையும் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள், தேடிப் பாருங்கள்.

வெளியே வைக்கும் ஆம்ப் வேறு ரகம். உள்ளே ஒரு பவர் சப்ளை இருந்து 12 வோல்ட்டை உயர்த்திக் கொடுக்கிறது. அதனால் அது நிஜமாகவே நூற்றுக்கணக்கான வாட் தர முடியும். ஆனால் 5000? அதைச் சோதிக்கக் கடையிலேயே ஒரு வழி இருக்கிறது. ஆம்பின் பக்கவாட்டில் செருகியிருக்கும் பியூஸ்களைப் பாருங்கள். இரண்டு 25 ஆம்பியர் பியூஸ் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 50 ஆம்பியர். 13.8 வோல்ட்டால் பெருக்கினால் 690 வாட். தொடர்ச்சியாக உள்ளே போகக்கூடியதே அவ்வளவுதான். ஏபி வகுப்பு என்ற பழைய சர்க்யூட் ரக ஆம்ப் என்றால் அதில் பாதிக்குச் சற்று மேல் ஒலியாக வெளியே வரும், மீதி சூடாகும். ஆக 380 வாட் போல. டி வகுப்பு என்ற புதிய ரகம் என்றால் 80 சதவீதம் வெளியே வரும், 550 போல. உள்ளே 690 மட்டும் போகும் பெட்டி வெளியே 5000 தராது. இந்த ஒரு கணக்கு தெரிந்தால் பெட்டிமேல் இருக்கும் பெரிய எண்கள் எதுவும் உங்களை அசைக்காது.

நம்பக்கூடிய எண் வேண்டுமென்றால் சிடிஏ 2006 என்ற முத்திரையைத் தேடுங்கள். அமெரிக்க நுகர்வோர் மின்னணுச் சங்கம் 2003-இல் கொண்டுவந்த அளவுமுறை அது. அப்போது அதன் பெயர் சிஇஏ 2006, சங்கத்தின் பெயர் மாறியபின் இதுவும் மாறியது. 14.4 வோல்ட்டில், 4 ஓமில், சிதைவு 1 சதவீதத்தைத் தாண்டாமல், எல்லாச் சேனலும் ஒரே நேரத்தில் ஓடும்போது எவ்வளவு வாட் வருகிறதோ அதை மட்டுமே போட வேண்டும். இது கட்டாயமில்லை, கம்பெனி விரும்பினால் பின்பற்றலாம். பின்பற்றுகிறவர்கள் அதைப் பெருமையாகவே அச்சிடுவார்கள்.

இடையில் ஒன்று சொல்ல வேண்டும். எல்லாக் காலத்திலும் எண்களை மிகைப்படுத்தித்தான் எழுதினார்கள் என்றில்லை. அமெரிக்காவில் 1980-களின் இறுதியில் கார் ஆடியோ போட்டிகளில், ஆம்பின் மேல் எழுதியிருக்கும் வாட்டை வைத்து வகுப்பு பிரித்தார்கள். அதனால் ஓரியன் 225 ஹெச்சிசிஏ போன்ற ஆம்புகள் 4 ஓமில் சேனலுக்கு 25 வாட் என்று மட்டும் எழுதிக்கொண்டு, ஓமைக் குறைக்கக் குறைக்க நூற்றுக்கணக்கில் அள்ளிக் கொடுத்தன. சின்ன வகுப்பில் நுழைந்து பெரிய சத்தம் எழுப்பலாம் என்பது கணக்கு. எழுதியிருக்கும் எண்ணுக்கு, அதை எந்த ஓமில், எந்த வோல்ட்டில் அளந்தார்கள் என்று தெரியாதவரை பொருளே இல்லை.

சரி, வாட் கூடினால் என்ன கிடைக்கிறது? வாட் இரட்டித்தால் ஒலி 3 டெசிபெல் கூடும். காதுக்கு அது 'கொஞ்சம் கூடியிருக்கிறது' என்ற அளவுதான். இரண்டு மடங்கு சத்தம் என்று காதுக்குத் தோன்ற 10 டெசிபெல் வேண்டும், அதற்கு வாட் பத்து மடங்காக வேண்டும். செட்டின் 18 வாட்டிலிருந்து ஆம்பின் 75 வாட்டுக்குப் போனால் கிடைப்பது 6 டெசிபெல்தான். அப்படியானால் ஆம்ப் எதற்கு என்று கேட்கலாம். பாட்டின் சராசரி அளவுக்கும், மிருதங்கத்திலோ டிரம்ஸிலோ விழும் ஓர் அடிக்கும் இடையே 10 முதல் 15 டெசிபெல் வித்தியாசம் இருக்கும். நெடுஞ்சாலையில் டயர் சத்தத்தையும் காற்றையும் மீறிக் கேட்க, நீங்கள் சராசரியாக 90 டெசிபெல் அளவில் வைத்திருக்கிறீர்கள் என்போம். ஸ்பீக்கர் ஒரு வாட்டுக்கு 90 டெசிபெல் தரும் ரகம் என்றால் சராசரிக்கு 1 வாட் போதும். ஆனால் அந்த ஓர் அடிக்கு 30 வாட் வேண்டும். செட்டிடம் 18 தான் இருக்கிறது. அங்கேதான் அலையின் தலை வெட்டுப்படுகிறது, அங்கேதான் குரல் காதைக் கிழிக்கிறது. ஆம்ப் வாங்குவது சத்தத்துக்காக என்பதைவிட, அந்த அடிகள் வெட்டுப்படாமல் வருவதற்காக.

ஸ்பீக்கர் பெட்டியில் போட்டிருக்கும் சென்சிட்டிவிட்டி எண், அதாவது ஒரு வாட்டுக்கு எத்தனை டெசிபெல் என்ற எண், இங்கே முக்கியமாகிறது. 88 டெசிபெல் ஸ்பீக்கருக்கும் 91 டெசிபெல் ஸ்பீக்கருக்கும் உள்ள வித்தியாசம், ஆம்பை இரட்டிப்பதற்குச் சமம். ஆனால் ஒப்பிடும்போது ஒன்றைக் கவனியுங்கள். சில கம்பெனிகள் 1 வாட்டில் அளக்கிறார்கள், சிலர் 2.83 வோல்ட்டில் அளக்கிறார்கள். 4 ஓம் ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட் என்பது 2 வாட். அதனால் அதே ஸ்பீக்கர் தாளில் 3 டெசிபெல் கூடுதலாகத் தெரியும்.

இப்போது கதவுக்கு வருகிறேன். நான் சொல்ல நினைப்பதில் பாதி இங்கேதான் இருக்கிறது. வீட்டு ஸ்பீக்கரை அதன் கம்பெனியே ஒரு மரப்பெட்டியில் வைத்து, அந்தப் பெட்டியையும் சேர்த்துத்தான் வடிவமைக்கிறது. கார் ஸ்பீக்கரைப் பெட்டி இல்லாமல் விற்கிறார்கள். பெட்டி உங்கள் கதவுதான். அந்தக் கதவோ மெல்லிய வெளித்தகடு, கண்ணாடி ஏறி இறங்கும் மெக்கானிசத்துக்காகப் பெரிய பெரிய ஓட்டைகள் வைத்த உள்தகடு, அந்த ஓட்டைகள்மேல் ஒட்டிய ஒரு பிளாஸ்டிக் தாள், அதன்மேல் கிளிப்பில் தொங்கும் டிரிம். ஸ்பீக்கரின் கோன் முன்னால் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. பின்பக்க அலை உள்தகட்டின் ஓட்டை வழியாக வெளியே வந்து முன்பக்க அலையைச் சந்தித்தால், இரண்டும் எதிரெதிர் என்பதால் ஒன்றையொன்று அழித்துவிடும். கீழ் சுருதிகளில்தான் இந்த அழிவு அதிகம். உங்கள் காரில் பேஸ் வராததற்கு ஸ்பீக்கர் மட்டுமே காரணமில்லை. வந்த பேஸும் கதவிலேயே செத்துப்போகிறது. 20,000 ரூபாய் ஸ்பீக்கரை அதே கதவில் மாட்டினாலும் இதே கதைதான்.

செய்ய வேண்டியது மூன்று. முதலாவது, ஸ்பீக்கருக்கு நேர் பின்னால் இருக்கும் வெளித்தகட்டில் பியூட்டைல் ரப்பரும் அலுமினியத் தகடும் சேர்ந்த டேம்பிங் ஷீட்டை ஒட்டி, ரோலரால் நன்றாக அழுத்த வேண்டும். முழுக் கதவையும் மூட வேண்டியதில்லை. நடுப்பகுதியில் பரப்பின் கால் பங்கு முதல் பாதி வரை போதும். தட்டிப் பார்த்தால் 'டங்' என்ற சத்தம் 'தொப்' என்று மாறியிருக்க வேண்டும். தார் கலந்த மலிவு ஷீட் வேண்டவே வேண்டாம். சித்திரை வெயிலில் அது இளகும், நாறும், உரிந்து விழும். இரண்டாவது, உள்தகட்டின் பெரிய ஓட்டைகளை மூட வேண்டும். ஷீட்டை மட்டும் ஒட்டினால் அது உப்பி அடங்கும், அதனால் அலுமினியம் அல்லது அக்ரிலிக் தகடு வெட்டி வைத்து அதன்மேல் ஷீட் ஒட்டுவது நல்லது. பவர் விண்டோ மோட்டார் பழுதானால் கழற்ற முடிகிற மாதிரி செய்யச் சொல்லுங்கள். மூன்றாவது, ஸ்பீக்கரை உறுதியான வளையத்தில் மாட்ட வேண்டும். எம்டிஎஃப் (மரத்தூள் பலகை) வளையம் மழையில் ஊறி உப்பிவிடும். ஹெச்டிபிஇ பிளாஸ்டிக் அல்லது அக்ரிலிக் வளையம் கேளுங்கள். கண்ணாடியை முழுக்க இறக்கி, காந்தம் அதில் முட்டுகிறதா என்று மாட்டுவதற்கு முன்பே பார்க்க வேண்டும்.

கதவுக்குள் மழைத்தண்ணீர் இறங்குவது இயல்பு. அடியில் இருக்கும் துளைகள் வழியாக அது வெளியேறும். டேம்பிங் செய்கிறவர் அந்தத் துளைகளை அடைத்துவிட்டால் கதவு உள்ளிருந்து துருப்பிடிக்கும். வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று இதைப் பாருங்கள்.

ஸ்பீக்கரில் கோஆக்ஸியலா காம்பொனென்டா என்ற கேள்வி எப்போதும் வரும். கோஆக்ஸியலில், மேல் சுருதிகளைத் தரும் சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டர், பெரிய கோனின் நடுவிலேயே உட்கார்ந்திருக்கும். காம்பொனென்டில் ட்வீட்டர் தனி, அலைகளைப் பிரித்துத் தரும் கிராஸ்ஓவர் தனி. கார் கதவில் ஸ்பீக்கர் இருப்பது முழங்கால் உயரத்தில், முகம் எதிர்ப்பக்கக் காலைப் பார்த்தபடி. மேல் சுருதிகள் நேர்கோட்டில் போகிறவை, அவை காலோடு நின்றுவிடும். ட்வீட்டரை மேலே, சைடு மிரருக்கு உள்பக்கம் இருக்கும் முக்கோணத்தில் வைத்தால் பாடகர் காலடியிலிருந்து எழுந்து டேஷ்போர்டுக்கு வந்துவிடுவார். முன்பக்கத்துக்கு நான் காம்பொனென்ட் சொல்வது இதற்காகத்தான். கதவுக்கு 6.5 இன்ச் எடுங்கள். கோன் பேப்பரா பாலிப்ரொப்பிலீனா என்பதில் அதிகம் குழம்ப வேண்டாம், ஈரம் தாங்குவதில் பாலிப்ரொப்பிலீன் நல்லது. ஆனால் கோனைச் சுற்றியிருக்கும் விளிம்பு ரப்பராக இருக்கட்டும். ஃபோம் விளிம்பு சில வருடங்களில் உதிர்ந்து போகும். ட்வீட்டரில் சில்க் டோம் நீண்ட பயணங்களில் காதுக்கு இதம். நம் பாட்டில் குரலும் வயலினும் முன்னால் நிற்பதால் நான் அதையே விரும்புவேன்.

முன்கண்ணாடியின் ஓரத்தில் இருக்கும் ஏ பில்லரில் ட்வீட்டர் பொருத்துகிறேன் என்று யாராவது சொன்னால், முதலில் உங்கள் காரில் கர்ட்டன் ஏர்பேக் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதன் மடிப்பு கூரையோரமாக வந்து அந்தப் பில்லருக்குள்தான் இறங்கும். 2024 மே மாதம் வந்த ஸ்விஃப்டிலிருந்து எல்லா வேரியன்ட்டிலும் ஆறு ஏர்பேக் இருக்கிறது. உங்களுடையது அதற்கு முந்தையது, இருந்தாலும் பில்லர் டிரிம்மில் ஏர்பேக் என்று அச்சிட்டிருந்தால் அங்கே ட்வீட்டரும் வேண்டாம், வயரும் வேண்டாம்.

பின் ஸ்பீக்கர் ஏன் வேண்டாம்? கச்சேரிக்குப் போனால் மேடை முன்னால் இருக்கும். பின்னாலிருந்து இன்னொரு பாடகர் பாடினால் முன்னால் கிடைத்த ஒழுங்கு கலைந்துவிடும். அதிலும் 6×9 ஓவல்களைப் பார்சல் டிரேயில் வைத்தால், ஹேட்ச்பேக்கின் அந்த மெல்லிய அட்டையே ஸ்பீக்கரோடு சேர்ந்து அதிரும். பின்சீட்டில் குழந்தைகளோ பெரியவர்களோ உட்காருவார்கள் என்றால், இருக்கிற கம்பெனி ஸ்பீக்கர்கள் செட்டின் சொந்தச் சக்தியிலேயே மெதுவாக ஓடட்டும். அந்தப் பணத்தைக் கதவில் போடுங்கள்.

அடுத்தது சப். எண்பதுகளின் தமிழ்ப் பாடல்களில் பேஸ் கிட்டார் தனியாக ஒரு மெட்டுப் பாடிக்கொண்டே வரும். நான்கு தந்தி பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த சுருதி 41 சைக்கிள் (ஹெர்ட்ஸ்). 6.5 இன்ச் கதவு ஸ்பீக்கர் 80 சைக்கிளுக்குக் கீழே திணறும். அந்த ஓர் ஆக்டேவுக்காகத்தான் (ஸ்தாயி) சப், கார் அதிர்வதற்காக இல்லை. 10 இன்ச் சப் ஒன்று, மூடிய பெட்டியில், உங்களுக்குத் தாராளமாகப் போதும். பெட்டி 20 முதல் 28 லிட்டர் அளவில் இருக்கும், டிக்கியின் ஒரு மூலை போதும். துல்லியமான அளவைச் சப் கம்பெனியின் தாளில் பார்த்து அதன்படியே செய்யச் சொல்லுங்கள், 18 மில்லிமீட்டர் எம்டிஎஃப்பில்.

மூடிய பெட்டியில் பேஸ் குறைவு என்பார்கள். திறந்த வெளியில் அது உண்மை. மூடிய பெட்டியின் ஒலி, ஓர் எல்லைக்குக் கீழே ஆக்டேவுக்கு 12 டெசிபெல் வீதம் இறங்கும். ஆனால் கார் ஒரு சின்ன அடைத்த அறை. நீண்ட அலைகள் அதற்குள் அடங்காததால், ஏறத்தாழ 60 சைக்கிளுக்குக் கீழே அறையே ஒலியைத் தூக்கிக் கொடுக்கிறது, அதுவும் ஏறக்குறைய ஆக்டேவுக்கு 12 டெசிபெல் என்ற சரிவில். ஒன்று இறங்க, ஒன்று ஏற, இரண்டும் ஈடுகட்டிக்கொள்ளும். சின்ன ஹேட்ச்பேக்கில் மூடிய பெட்டி அவ்வளவு இயல்பாகக் கேட்பதன் ரகசியம் இதுதான். கடைக்காரர் சொன்ன பேஸ் டியூப் பெரும்பாலும் துளை வைத்த குழாய். துளைப் பெட்டி நன்றாகக் கணக்குப் போட்டுச் செய்தால் அருமையானது, ஆனால் தயார் நிலையில் வரும் மலிவுக் குழாய்கள் ஒரே சுருதியில் 'தும் தும்' என்று நிற்கும். எந்தப் பாட்டு போட்டாலும் பேஸ் ஒரே மாதிரி கேட்டால் அதுதான் காரணம்.

டிக்கியில் சிஎன்ஜி சிலிண்டர் இருக்கிறவர்களுக்கு, சீட்டுக்கடியில் வைக்கும் மெல்லிய ஆக்டிவ் சப் நல்ல தீர்வு. ஆம்ப் அதற்குள்ளேயே இருக்கும். அடி ஆழம் அவ்வளவு வராது, இருந்தாலும் பாட்டுக்கு ஒரு தரை கிடைக்கும்.

ஆம்புக்கு வருவோம். நான்கு சேனல் ஆம்பின் பின் இரண்டு சேனல்களைப் பிரிட்ஜ் செய்தால், அதாவது ஒரே சேனலாகச் சேர்த்தால், 2 ஓமில் ஒரு சேனல் தருவதைப்போல இரண்டு மடங்கு, 4 ஓம் சப்புக்குக் கிடைக்கும். 4 ஓமில் 75, 2 ஓமில் 100 வாட் தரும் ஆம்ப் என்றால் சப்புக்கு 200 வாட். 10 இன்ச் சப்புக்கு அது போதும். ஒரே பெட்டி, ஒரே பவர் வயர், வேலையும் சுலபம். ஆனால் பிரிட்ஜ் செய்யும்போது சப் 4 ஓமாகவே இருக்க வேண்டும். இரட்டைக் காயில் (உள்ளே இரண்டு கம்பிச் சுருள்) சப் வாங்கினால் கணக்கு மாறும். இரண்டு 4 ஓம் காயில்களைப் பேரலலாக இணைத்தால் 2 ஓம், தொடராக இணைத்தால் 8 ஓம். இரண்டு 2 ஓம் காயில்களைத் தொடராக இணைத்தால் 4. பிரிட்ஜ் செய்த நான்கு சேனல் ஆம்பில் 2 ஓம் சப்பை மாட்டினால் ஒவ்வொரு சேனலும் 1 ஓமைப் பார்க்கும், ஆம்ப் பாதுகாப்பு நிலைக்குப் போகும் அல்லது எரியும். குழப்பமே வேண்டாமென்றால் ஒற்றைக் காயில் 4 ஓம் சப் வாங்கிவிடுங்கள்.

ஏபி வகுப்புதான் இனிமை, டி வகுப்பு சப்புக்கு மட்டும் என்பது பழைய காலத்துப் பேச்சு. இன்றைய நல்ல முழுவீச்சு டி வகுப்பு ஆம்பை ஓடும் காரில் வேறுபடுத்திச் சொல்வது மிகக் கடினம். நம் வெயிலுக்குச் சூடு குறைவாக எழுப்புவது பெரிய வசதி, அளவிலும் அது பாதி என்பதால் முன்சீட்டுக்கடியில் அடங்கும். அங்கே ஏசி குழாய் வாயோ, மழைத்தண்ணீர் தேங்கும் பள்ளமோ இல்லாத இடமாகப் பார்த்து வையுங்கள். சப் பெட்டிமேல் ஆம்பைத் திருகுவது வேண்டாம், ஓயாத அதிர்வில் உள்ளே சால்டரிங் விட்டுப்போகும்.

வயரில் மிச்சம் பிடிக்காதீர்கள். ஒயரிங் கிட் என்று மலிவாகக் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை அலுமினியத்தின்மேல் செம்பு பூசியவை. அலுமினியத்தின் கடத்தும் திறன் செம்பில் 60 சதவீதம் அளவுதான், வயரின் தடிமனைச் சொல்லும் கேஜ் எண்ணிலும் (எண் குறைந்தால் வயர் தடிமன்) பல நேரம் ஏமாற்று இருக்கும், தடித்த பிளாஸ்டிக்குக்குள் மெல்லிய கம்பி. முழுச் செம்பு வயர் கேளுங்கள். ஒரு முனையைச் சுரண்டினால் உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அது அலுமினியம். மேலே சொன்ன ஆம்ப் முழு வேகத்தில் 32 ஆம்பியர் போல இழுக்கும். பேட்டரியிலிருந்து ஆம்ப் வரை வயர் 5 மீட்டர் என்றால் 8 கேஜ் செம்பில் 0.3 வோல்ட்டுக்கு மேல் நஷ்டம், 4 கேஜில் அதில் பாதிக்கும் குறைவு. அதனால் 4 கேஜ். பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஒரு பியூஸ் கட்டாயம். அந்த பியூஸ் ஆம்பைக் காப்பதற்கு இல்லை. வயர் எங்காவது தகட்டில் உரசி ஷார்ட் ஆனால் கார் தீப்பிடிக்காமல் காப்பதற்கு. அது இல்லாமல் வேலை முடித்துக் கொடுத்தால் காரை எடுக்காதீர்கள். எர்த் வயர் அரை மீட்டருக்குள், பெயின்ட்டைச் சுரண்டிய வெறும் தகட்டில், போல்ட்டு போட்டு. செட்டிலிருந்து ஆம்புக்குச் சிக்னல் கொண்டுபோகும் ஆர்சிஏ கேபிள் ஒரு பக்கமாகவும் பவர் வயர் மறுபக்கமாகவும் போகட்டும். ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும்போது ஸ்பீக்கரில் 'ஙொய்' என்று சத்தம் ஏறுவது பெரும்பாலும் எர்த் கோளாறு, பிறகு இந்தக் கேபிள் கோளாறு.

உங்களுக்கு வெளிச் செட் என்பதால் ஆர்சிஏ அவுட்புட் இருக்கும். கம்பெனி செட்டையே வைத்திருப்பவர்கள் ஹை லெவல் இன்புட் உள்ள ஆம்ப் வாங்கினால் போதும், ஸ்பீக்கர் வயரிலிருந்தே சிக்னல் எடுத்துக்கொள்ளும். வாரன்டி மீதமுள்ள காராக இருந்தால் ஒரு வயரைக்கூட வெட்ட விடாதீர்கள். மாடலுக்கேற்ற கப்ளர் கிடைக்கிறது, செருகினால் போதும், நாளை கழற்றினால் பழையபடி ஆகிவிடும்.

எல்லாம் மாட்டியபின் செட்டிங். இங்கேதான் நல்ல பொருட்கள் பல பாழாகின்றன. ஆம்பில் இருக்கும் கெய்ன் திருகை வால்யூம் என்று நினைத்து முழுக்கத் திருகி வைப்பார்கள். அது வால்யூம் இல்லை. செட் தரும் சிக்னலின் அளவுக்கு ஆம்பைப் பொருத்தும் திருகு. ஒரு மல்டிமீட்டர் போதும். ஆம்பின் வாட்டை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். 75 வாட், 4 ஓம் என்றால் 17.3 வோல்ட். சப்புக்கு 200 வாட், 4 ஓம் என்றால் 28.3. ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, செட்டின் ஈக்வலைசரைச் சமமாக்கி, பேஸ் பூஸ்ட்டை அணைத்து, வால்யூமை முக்கால் பங்குக்கு வைத்து, முன்பக்கத்துக்கு 1000 சைக்கிள், சப்புக்கு 50 சைக்கிள் டெஸ்ட் டோன் ஓட்டுங்கள். ஆம்பின் வாயில் அந்த வோல்ட் வரும்வரை கெய்னை மெதுவாகத் திருகி நிறுத்துங்கள். ஆம்பில் முன் சேனல்களுக்கு ஹைபாஸ் 80 (அதற்குக் கீழே உள்ளதைத் தடுப்பது), சப்புக்கு லோபாஸ் 80 (அதற்கு மேலே உள்ளதைத் தடுப்பது). இந்த ஹைபாஸ் ஒன்றே கதவு ஸ்பீக்கருக்குப் பாதிச் சுமையைக் குறைத்து, குரலை உடனே தெளிவாக்கும்.

சின்ன ஆம்ப் போட்டால் ஸ்பீக்கர் எரியும் என்று உங்களிடம் சொல்லியிருப்பார்கள். வாட் குறைவாகப் போவதால் எந்த ஸ்பீக்கரும் எரியாது. சின்ன ஆம்பை அதன் எல்லைக்கு மேல் விரட்டும்போது அலை வெட்டுப்பட்டுச் சதுரமாகிறது. அதே உயரமுள்ள சதுர அலையில் சாதாரண அலையைவிட இரண்டு மடங்கு சக்தி, அதில் மேல் சுருதிகளில் சேரும் பங்கு ட்வீட்டருக்குப் போகிறது. எரிப்பது அதுதான். கெய்ன் சரியாக இருந்தால் 75 வாட் ஆம்பில் 60 வாட் ஸ்பீக்கரும் பிழைக்கும், 100 வாட் ஸ்பீக்கரும் பிழைக்கும்.

செட்டில் டைம் அலைன்மென்ட், அதாவது ஒவ்வொரு ஸ்பீக்கரையும் தனித்தனியாகத் தாமதிக்கும் வசதி, இருந்தால் அதைத் தொடாமல் விடாதீர்கள். நம் ஊரில் ஓட்டுநர் வலப்பக்கம். வலக்கதவு ஸ்பீக்கர் காதிலிருந்து ஒரு மீட்டர், இடக்கதவு ஒன்றரை மீட்டர் என்று வைத்தால், ஒலி நொடிக்கு 345 மீட்டர் போகும் கணக்கில் வலப்பக்கத்தை 1.45 மில்லி நொடி தாமதிக்க வேண்டும். டேப் வைத்து அளந்து போடுங்கள். குரல் வலக்கதவை விட்டு டேஷ்போர்டின் நடுவுக்கு நகர்வதை அந்த நிமிடமே கேட்பீர்கள்.

40,000-ஐ நான் எப்படிப் பிரிப்பேன் என்றால், காம்பொனென்டுக்கு 11,000, ஆம்புக்கு 11,000, சப்பும் பெட்டியும் 8,000, இரண்டு முன்கதவு டேம்பிங்கும் வளையங்களும் 5,000, வயருக்கும் மாட்டும் கூலிக்கும் 5,000. ஒரு வரியில் இழுபறி வந்தால் சப்பில் குறையுங்கள், கதவில் குறைக்க வேண்டாம். பெரிய பிராண்டுகளின் பெயரில் போலிகள் நிறைய நடமாடுகின்றன. சென்னை ஜி.பி. ரோட்டில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் சீரியல் எண் போட்ட பில்லும், இந்திய வாரன்டி அட்டையும் கையில் வாங்குங்கள்.

கடையின் டிஸ்ப்ளே போர்டில் மாட்டிய ஸ்பீக்கர்களை மாற்றி மாற்றிக் கேட்டு முடிவு செய்யாதீர்கள். அந்தப் போர்டு உங்கள் கதவு இல்லை, சத்தம் கொஞ்சம் கூடின ஸ்பீக்கர்தான் அங்கே எப்போதும் ஜெயிக்கும். இதே மாதிரி வேலை செய்த கார் ஒன்றைக் காட்டச் சொல்லி, உங்கள் பென்டிரைவில் உங்களுக்கு மனப்பாடமான பாட்டைப் போட்டு, ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து கேளுங்கள். அந்தக் காரின் கதவைத் தட்டியும் பாருங்கள், வேலைக்காரரின் கை அங்கேயே தெரிந்துவிடும்.

பணம் ஒரேயடியாகப் புரளவில்லை என்றால் சப்பை மட்டும் ஆறு மாதம் தள்ளிப் போடலாம். ஆனால் ஆம்ப் இப்போதே நான்கு சேனலாக இருக்கட்டும், வயரும் இப்போதே 4 கேஜாக இருக்கட்டும், சப்புக்கான ஸ்பீக்கர் வயரையும் டிக்கி வரை இழுத்துச் சுருட்டி வைத்துவிடச் சொல்லுங்கள். அப்புறம் சீட்டையும் மேட்டையும் இரண்டாவது முறை கழற்ற வேண்டியிருக்காது.